வாசல் விளக்கும் கொசுக்கடியும்: எங்கள் வீட்டில் செய்து பார்த்த மாற்றங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் எங்களுடையது ஓரடுக்கு வரிசை வீடு. அஞ்சடியில், அதாவது வாசல் முன்தாழ்வாரத்தில், கதவுக்கு நேர் மேலே, வெள்ளை எல்.இ.டி பல்பு ஒன்று இருந்தது. மாலையில் போட்டால் விடிந்த பிறகுதான் அணைப்போம். அதன் கீழே நாற்காலி போட்டுத் தேநீர் குடிப்பதும், காலைச் சொறிந்துகொண்டே பேசுவதும் பல ஆண்டுப் பழக்கம். சென்ற ஆண்டு மகனுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் மருத்துவமனையில் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். வீடு திரும்பியதும் அஞ்சடியை முழுவதுமாக மாற்றுவது என்று முடிவு செய்தேன். நான்கு மாதமாகச் செய்து பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கொசு, விட்டில் பூச்சியைப் போல விளக்கைத் தேடி வருவதில்லை. நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, உடல் வாடை, உடல் சூடு ஆகியவற்றைப் பிடித்துத்தான் வருகிறது. அப்படியானால் விளக்கை ஏன் மாற்ற வேண்டும்? டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையில் விடிந்த பிறகும், மாலையில் பொழுது சாய்வதற்கு முன்பும் அதன் கடி அதிகம். 2020இல் அமெரிக்காவின் நாட்ரடேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏடிஸ் கொசுவை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தார்கள். இருட்டில் இருந்தவற்றைவிட, இரவில் செயற்கை ஒளி பட்டவை மிகுதியாகக் கடித்தன. விடிய விடிய எரியும் விளக்கு, அந்தக் கொசுவின் பகலை நீட்டித்துக் கொடுக்கிறது. இதைப் படித்த அன்றிரவே எங்கள் பல்பை அணைத்துவிட்டேன்.

முதல் படி: தண்ணீர். தேங்கிய நீரைக் கொட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் கண்ணில் படாமல் இருந்தது துளசித் தொட்டியின் அடித்தட்டு. தினமும் கும்பிடும் இடத்தில் யார் சந்தேகப்படுவார்கள்? தட்டைச் சாய்த்துப் பார்த்தபோது புழுக்கள் நெளிந்து கீழே இறங்கின. வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்தும் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடு இருக்கும்.

இரண்டாம் படி: பல்பு. அட்டைப் பெட்டியில் கெல்வின் என்ற எண்ணைப் பாருங்கள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. 2700 அல்லது 3000 என்றால் மஞ்சள் கலந்த ஒளி. பின்னதை வாங்குங்கள். வாசலுக்கு 5 வாட்ஸ் தாராளம். மஞ்சள் ஒளி கொசுவை விரட்டும் என்று நம்பி வாங்காதீர்கள், அது விரட்டாது. மற்ற பூச்சிகள் குறையும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பூச்சி குறைந்ததும் சுவரில் பல்லியும் குறைந்தது. கடைக்குப் போகும்போது பழைய பல்பைக் கையோடு கொண்டுபோங்கள். திருகு வகையும், முள் போல நீட்டிய 'பின்' (pin) வகையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

மூன்றாம் படி: இடம். கதவுக்கு மேலிருந்த விளக்கை வெளிக்கதவுத் தூணுக்கு மாற்றி, ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி போட்டோம். உட்காரும் இடத்துக்கு மேலே விளக்கு வேண்டாம்.

நான்காம் படி: அசைவு உணரி. என்னை மிகவும் அலைக்கழித்தது இதுதான். ஆள் வந்தால் மட்டும் விளக்கு எரிய வேண்டும் என்று 30 ரிங்கிட்டுக்குள் ஓர் உணரி வாங்கினோம். அது இரண்டு கம்பி வகை. பொருத்திய அன்றிரவு, அணைந்த பல்பு மின்மினி போல மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருந்தது. இவ்வகை உணரி தன் தேவைக்குச் சிறிதளவு மின்சாரத்தை பல்பு வழியாகவே இழுக்கிறது. எல்.இ.டி பல்பு ஒளிர அதுவே போதும். நியூட்ரல் கம்பியும் சேரும் மூன்று கம்பி வகையாகக் கேட்டு வாங்குங்கள். பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டே பொருத்துங்கள்.

அடுத்து, உணரியின் அடியில் மூன்று சிறு திருகுகள் இருந்தன: தூரம், நேரம், வெளிச்சம். சோதிப்பதற்காக வெளிச்சத் திருகைச் சூரியப் படத்தின் பக்கம் வைத்தோம். சோதித்து முடித்ததும் நிலாப் படத்தின் பக்கம் திருப்ப மறந்துவிட்டோம். பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. நேரத் திருகை ஒரு நிமிடத்தில் வைத்திருக்கிறேன்.

அப்போதும் சிக்கல் தீரவில்லை. ஒருநாள் நள்ளிரவுக்குப் பின் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணினேன். அரை மணி நேரத்தில் 14 முறை எரிந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வரும் மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றுக்கும் எரிந்திருக்கிறது! உணரி சாலையைப் பார்த்தபடி இருந்ததே காரணம். அதைப் பக்கவாட்டில் திருப்பி, சாலைப் பக்கம் தெரியும் பாதிக் கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டினேன். நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை இந்த உணரி நன்றாகக் கண்டுபிடிக்கும். அதனால் திருப்பியது இருவகையில் நன்மையாயிற்று.

ஐந்தாம் படி: விசிறியும் வலைக்கதவும். அத்தைக்கு இதில் ஒரு மனக்குறை இருந்தது. "விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலை இருட்டாக வைக்காதே அம்மா, கதவையும் சாத்தாதே, லட்சுமி வருகிற நேரம்" என்றார். அவர் சொல்வதை என்னால் தட்ட முடியாது, தட்டவும் விருப்பமில்லை. ஆனால் அதுதான் ஏடிஸ் மும்முரமாகக் கடிக்கும் நேரமும். அலுமினியச் சட்டம் போட்ட கொசுவலைக் கதவு செய்து மாட்டினோம். இப்போது மரக்கதவு திறந்தே இருக்கிறது. சாமி விளக்கின் சுடர் தெருவிலிருந்து வலைக்குள்ளே தெரிகிறது. காந்தம் வைத்த வலைத்திரை மலிவுதான், ஆனால் அடியில் இடைவெளி விடுகிறது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அஞ்சடியில் உட்காரும்போது நிற்கும் விசிறியைத் தாழ்த்திக் கால்பக்கம் திருப்பி வையுங்கள். கொசு வலுவாகப் பறக்காது. காற்று நம் மூச்சையும் வாடையையும் கலைத்தும் விடும். செலவுக்கு இதைவிடப் பலன் தந்தது வேறில்லை.

நீல விளக்குப் பூச்சிக்கொல்லிப் பெட்டியை வாங்காதீர்கள். எங்களிடமும் ஒன்று இருந்தது. காலையில் அதன் தட்டை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்ப்பேன்: ஈசல் சிறகு, சிறு வண்டு, விட்டில். கொசுவைத் தேட வேண்டியிருக்கும். 1996இல் வெளியான டெலவேர் பல்கலைக்கழக ஆய்வில், இப்பெட்டிகளில் செத்த 13,789 பூச்சிகளில் கடிக்கும் வகை 31 மட்டுமே.

பின்சேர்க்கை: "எல்லாம் செய்தும் இரவில் காதருகே ரீங்காரம் கேட்கிறதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு. அழுக்குக் கால்வாய் நீரில் பிறப்பது, இருட்டிலும் கடிப்பது. விளக்கை மாற்றி அதைத் தடுக்க முடியாது. கால்வாயில் நீர் ஓடுகிறதா என்று பாருங்கள், வலைக்குள் தூங்குங்கள்.

இரண்டாம் பின்சேர்க்கை: தீபாவளிச் சரவிளக்கை இரவெல்லாம் எரியவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மழைக்காலத்தில் வருகிற பண்டிகை. விடிய விடிய எரியவிடுவதுதான் வழக்கம். நாங்கள் பிளக்கில் செருகும் டைமர் ஒன்று வாங்கி, 7.30 மணிக்கு எரிந்து 11 மணிக்கு அணையும்படி வைத்தோம். பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்தி முடித்து உள்ளே வருவதற்கும் அது அணைவதற்கும் சரியாக இருந்தது.