புளூஸ் மவுத் ஓர்கன் பழக: வெல்ஸைக் கேட்டு, பாடி, பிறகு ஊதுங்கள்

உப்புவெளிக் கடற்கரையில் பின்னேரங்களில் மவுத் ஓர்கன் பழகுகிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசைதான் ஆசை என்றால் முதலில் ஒரே ஒரு அல்பத்தை வடிவாகக் கேளுங்கள்: ஜூனியர் வெல்ஸ் 1965இல் சிக்காகோவில் டெல்மார்க் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த 'ஹூடூ மேன் புளூஸ்'. பாடுவதும் அவர்தான், ஊதுவதும் அவர்தான், கிட்டார் பட்டி கய்.

முதல் தடவை கேட்கும்போது கையில் வாத்தியம் வேண்டாம். அடுத்த தடவை, அவர் எங்கே பாட்டை விடுகிறார் என்று மட்டும் பாருங்கள். ஒரே வாயால் பாடிக்கொண்டே ஊத முடியாதே. அதனால் பாடகர் விட்ட இடத்தில் வயலின்காரர் எடுப்பதுபோல, தன் வரிக்குத் தானே ஊதிப் பதில் சொல்கிறார். புளூஸின் உயிரே இந்தக் கேள்வி பதிலில்தான் இருக்கிறது என்பேன். நீங்களும் ஒரு வரியை வாயால் பாடுங்கள், தமிழ்ச் சொல்லானாலும் சரி, பிறகு அதே வரியை ஊதுங்கள்.

வாங்கும்போது கவனம். துளைகள் இரட்டை வரிசையாக இருக்கும் ட்ரெமலோ வகை இதற்குச் சரிவராது. துளைகள் ஒற்றை வரிசையாக இருக்கும் பத்துத் துளை டயடோனிக் வகை, சி சுருதியில் ஒன்று போதும். ஆனால் அதில் வாசிக்கப்போவது ஜி சுருதியில்: இரண்டாம் துளையில் மூச்சை உள்ளே இழுத்தால் வருவதுதான் உங்கள் ஸட்ஜம். மூன்றாம் துளையை இழுத்தால் அந்தர காந்தாரம். நாக்கின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஈ" என்பதிலிருந்து "ஊ" என்பதற்கு வாயை மாற்றினால் சுரம் கீழே வளையும். அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவில் அது நிற்கிற இடத்தில்தான் புளூஸ் அழுகிறது. கோயில் நாதஸ்வரத்தில் கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் சீக்கிரம் பிடிபடும், ஆனால் வாய்க்குக் கிழமைக்கணக்கில் ஆகும், பலமாக உறிஞ்சி ரீடை, அதாவது உள்ளே அதிர்கிற உலோக நாக்கை, உடைத்துவிடாதீர்கள்.

தாளம் பன்னிரண்டு அளவு, ஒவ்வோர் அளவுக்கும் நாலு தட்டு. கூட வரும் கிட்டாரின் கோர்ட் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) இப்படி மாறும்: ஜி நாலு, சி இரண்டு, ஜி இரண்டு, பிறகு டி ஒன்று, சி ஒன்று, ஜி இரண்டு. காலால் தட்டிக்கொண்டே எண்ணுங்கள்.

அப்புறம் இன்னொரு சிக்காகோ மவுத் ஓர்கன்காரர், லிட்டில் வோல்டர். 1952இல் அவர் பதிவு செய்த 'ஜூக்' அமெரிக்க ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) தரவரிசைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அது ஈ சுருதி, அதற்கு ஏ மவுத் ஓர்கன் வேண்டும். சி வைத்து ஊதி ஒட்டவில்லையே என்று மனம் விடாதீர்கள். மைக்கையும் மவுத் ஓர்கனையும் சேர்த்துக் கைக்குள் மூடி அம்பிளிபயருக்கு விட்டதில்தான் அவருக்கு அந்தத் தடித்த கரகரப்பு வந்தது. அதெல்லாம் வளைவு கைவந்த பிறகு பார்க்கலாம்.

நம்மூர் உப்புக்காற்றுக்கு ஒன்று: ஊதி முடிந்ததும் துளைப்பக்கத்தை உள்ளங்கையில் தட்டி எச்சிலை எடுத்து, காயவைத்து, பெட்டியில் மூடி வையுங்கள். மரச்சட்டம் என்றால் கழுவவே வேண்டாம், ஊறிப் பருத்து உதட்டைக் கிழிக்கும். தேநீர் குடித்த வாயோடு ஊதாதீர்கள், சீனி ரீடில் ஒட்டிவிடும்.