துறைமுக நகரின் வரலாற்றைப் படகிலிருந்து அறிவது எப்படி?

பழைய துறைமுக நகரங்களுக்குச் சரக்கும் மனிதர்களும் பெரும்பாலும் கடல்வழியே வந்து சேர்ந்ததால், அங்குள்ள கோட்டைகளும் சுங்கக் கட்டடங்களும் கிடங்குகளும் நீரை நோக்கியே கட்டப்பட்டன. தெருவழியே நடப்பவருக்கு இன்று பல வேளைகளில் அவற்றின் பின்புறம்தான் தென்படுகிறது.

படகேறுவதற்கு முன், நகரின் பழைய வரைபடம் ஒன்றைத் தேடியெடுத்து, இன்றைய வரைபடத்துடன் ஒப்பிட்டு, கரைக்கோடு எங்கெல்லாம் இடம்பெயர்ந்துள்ளது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாஸ்டனில் 1710-இல் கட்டத் தொடங்கப்பட்ட லாங் வார்ஃப் என்னும் கப்பல்துறை ஒருகாலத்தில் கடலுக்குள் நெடுந்தூரம் நீண்டிருந்தது. இருபுறமும் நீர்ப்பரப்பு தூர்க்கப்பட்டதால் அதன் பெரும்பகுதி இப்போது நிலத்துக்குள் அடங்கிவிட்டது. கொச்சியின் வில்லிங்டன் தீவோ, துறைமுகத்தை ஆழப்படுத்த ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் தோண்டப்பட்ட மண்ணைக் கொட்டியே பெரிதும் உருவாக்கப்பட்டது. ஒப்பீட்டைச் செய்யாமல் போகிறவருக்கு இவை வெறும் காட்சிகளாகவே கடந்துபோகும்.

சுற்றுலாப் படகை அமர்த்துமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: உட்கால்வாய்களுக்குள் படகு நுழையுமா, வழிகாட்டி நேரில் பேசுவாரா அல்லது பதிவுசெய்த குரல்தானா, மேல்தளம் திறந்திருக்குமா? ஊர்மக்கள் அன்றாடம் போய்வரும் பயணிகள் படகு இருந்தால், முதலில் அதில் ஒருமுறை சென்றுவருவதே நல்லது என்பது என் கருத்து. ஒலிபெருக்கி இல்லாததால் கண்ணுக்கு வேலை கிடைக்கும்.

நேரத்தைத் தேர்வதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பெரும்பாலான கரைகளில் நீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் தலா ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகிறது. ஹாம்பர்க்கில் 1883-இல் கட்டத் தொடங்கப்பட்ட ஸ்பைகர்ஷ்டாட் கிடங்குப் பகுதியின் கால்வாய்களில், நீர் மிகவும் வற்றினால் படகு செல்ல ஆழம் போதாது. மிகவும் ஏறினால் பாலத்தின் அடியில் நுழைய இடம் போதாது. ஆகவே கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்து, ஆழம் அனுமதிக்கும் அளவுக்கு நீர் தாழ்ந்திருக்கும் வேளையைத் தேர்ந்தெடுத்தால், பாசி படிந்த படிகள், துருவேறிய கட்டுவளையங்கள், கயிறு உராய்ந்து பள்ளம் விழுந்த கல்விளிம்புகள் ஆகியவை வெளியே தெரியும். கிழக்கு நோக்கிய கரையைக் காலையில் பார்த்தால் வெயில் கண்ணில் அடிக்காது.

பயணத்தின்போது முகத்துவாரத்திலிருந்தே கவனிக்கத் தொடங்குங்கள். கோட்டை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எந்த நீர்வழியை அடைத்து நிற்கிறது என்பதே முக்கியம். இஸ்தான்புல்லில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் 1452-இல் கட்டிய ருமேலி கோட்டையும், எதிர்க்கரையில் அதற்கு முன்பே இருந்த அனடோலு கோட்டையும் பாஸ்பரஸ் நீரிணையின் மிகக் குறுகிய பகுதியைக் காத்து நிற்பதை, நடுநீரில் நிற்கும் படகிலிருந்து ஒரே பார்வையில் உணரலாம். கிடங்குகளில் மேல்மாடிக் கதவுகளையும், கூரைமுகட்டில் துருத்திநிற்கும் பாரந்தூக்கியையும் பாருங்கள். படகிலிருந்த மூட்டைகள் அவ்வழியேதான் மேலேறின.

வழிகாட்டி சொல்லும் கதைகளில் ஆண்டும் இடமும் உள்ளவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, கரையேறிய பின் துறைமுக அருங்காட்சியகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ சரிபார்க்க வேண்டும். கட்டட முகப்பில் பொறித்துள்ள ஆண்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அது புதுப்பித்த ஆண்டாகவும் இருக்கலாம்.