ஒப்பிப்பது வாசிப்பு ஆகாது: எழுத்தறிவு கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குழந்தை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மளமளவென்று சொல்லி முடிக்கிறது. வாசிக்க வந்துவிட்டது என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். அதே பக்கத்தின் நடுவில் உள்ள ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கையால் மறைத்துக் கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் திகைத்து நிற்கும். சில குழந்தைகள் பாடத்தை முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டி அந்தச் சொல்லுக்கு வந்து சேரும். காதால் கேட்டு மனப்பாடமான பக்கம் அது. கண் அங்கே வேலை செய்யவே இல்லை.

பள்ளியானாலும் முதியோர் வகுப்பானாலும், எழுத்தறிவு கற்பிப்பதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இதன் கிளைகள்தான். வாசிப்பு மாதிரி தோன்றும் ஏதோ ஒன்றை வாசிப்பு என்று கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஒருவர் சொல்ல வகுப்பே திருப்பிச் சொல்வதை முற்றிலும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். பாட்டுக்கும் உச்சரிப்புக்கும் அது உதவும். ஆனால் அத்தனை குரல்களுக்கு நடுவே வாயை மட்டும் அசைக்கிற நாலு பேரை எந்த ஆசிரியராலும் கண்டுபிடிக்க முடியாது. வாரத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, முன்பு பார்த்திராத சில சொற்களை வாசிக்கச் சொல்லுங்கள். ‘மடிபு’, ‘தகோமி’ என்று பொருளே இல்லாத சொற்களையும் நடுவில் கலந்துவிடுங்கள். அவற்றை யாரும் மனப்பாடம் செய்திருக்க வழியில்லை. இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு நடத்தும் ஒலிப்புச் சோதனையில் 40 சொற்கள் உண்டு. அவற்றில் 20 இப்படிப் பொருளற்றவை.

அடுத்தது எழுத்து வரிசை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகளையும் முடித்த பிறகுதான் சொல்லுக்குப் போகவேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அகர வரிசை அகராதி பார்க்க உதவும். வாசிக்கத் தொடங்குபவருக்கு அதில் பெரிய பயன் இல்லை. ப, ட, ம என்ற மூன்று எழுத்து, புள்ளி, துணைக்கால் இவ்வளவு போதும்: படம், பாடம், மடம், மாடம், பட்டம், மட்டம், பட்டா என்று முதல் வாரத்திலேயே உண்மையான சொற்களை வாசித்துவிடலாம். 216 உயிர்மெய்களும் 216 தனித்தனி எழுத்துகள் இல்லை, குறி சேர்ந்து ஒலி மாறுகிறது, அவ்வளவுதான் என்பது ஒருவருக்குப் புரிந்துவிட்டால் மீதிப் பாதையைப் பாதி அவரே கடந்துவிடுவார்.

சிக்கலான இடங்களில் மட்டும் நின்று நிதானமாகச் சொல்லித் தரவேண்டும். நமக்குப் பழகிப்போனதால் அவை கண்ணில் படுவதே இல்லை. முதலாவது புள்ளி. தொடக்கத்தில் பலர் அதை ஏதோ அழுக்கு மாதிரி தாண்டிப் போய், ‘பட்டம்’ என்பதை ‘படடம’ என்று கூட்டுவார்கள். அடுத்தது கொம்பு. கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் எழுத்தின் இரு பக்கமும் குறி. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலிக்கப் பழகியவர் இங்கே தடுமாறத்தான் செய்வார். அப்புறம் உகர வரிசை: கு, சு, டு, து, மு, ரு இவற்றை ஒரே விதியில் அடக்க முடியாது. இந்த வரிசைக்குக் கூடுதல் நாள் ஒதுக்காத பாடத்திட்டத்தை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. ‘கல்’லில் உள்ள க வேறு, ‘தங்கம்’ என்பதில் வரும் க வேறு, ‘பகல்’ என்பதில் வருவது இன்னும் வேறு ஒலி. தமிழைத் தாய்மொழியாகப் பேசுபவர் சொல் தெரிந்திருப்பதால் தானாகச் சரியாக ஒலித்துவிடுவார். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கு அந்த உதவி கிடையாது. அதற்கு முதலில் பேச்சில் சொற்கள் சேரவேண்டும், எழுத்து அதற்குப் பிறகு. அதுவரை அந்தக் குழந்தையை ‘மந்தம்’ என்று முத்திரை குத்துவது பெரிய அநியாயம்.

ஊகிக்கச் சொல்வது நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் தவறு. “படத்தைப் பார், என்னவாக இருக்கும்?” என்று ஆசிரியர் கேட்கிறார். படத்தில் குதிரை இருக்கிறது, எழுத்தில் ‘பரி’ என்று இருக்கிறது, குழந்தை ‘குதிரை’ என்கிறது, ஆசிரியரும் தலையாட்டுகிறார். வாசிப்பு என்பதே ஒருவகை ஊகம்தான் என்ற கருத்தை 1967-இல் அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் முன்வைத்தார். அது பல நாட்டு வகுப்பறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் கண்ணசைவை அளந்து பார்த்த ஆய்வுகள் வேறு கதை சொல்லின. தேர்ந்த வாசகரின் கண் பெரும்பாலான சொற்களின் மீது நின்றுதான் போகிறது. ஊகத்தை அதிகம் நம்பியிருப்பவர் வாசிக்கச் சிரமப்படுபவர்தான். படம் கதையைப் பற்றிப் பேச இருக்கட்டும். சொல்லை எழுத்திலிருந்துதான் எடுக்கவேண்டும்.

கரும்பலகையைப் பார்த்து எழுதவைப்பதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வகுப்பு அமைதியாக இருக்கும், நோட்டும் நிறையும். தன் மனதில் உள்ள ஒரு வாக்கியத்தைப் பிழையோடாவது தானே எழுதுபவர் ஒரு பக்கம் பார்த்து எழுதியவரைவிட அதிகம் கற்றுக்கொள்கிறார்.

எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நிறுத்திக்கொள்வதும் தவறுதான். 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் ஒன்று, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதுதான் இதில் முக்கியம். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். அமெரிக்காவில் 1988-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிந்த, ஆனால் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதைச் சிறப்பாக நினைவுகூர்ந்தார்கள். ஆகவே மொழிப்பாடத்துக்கு நேரம் வேண்டும் என்று அறிவியலையும் வரலாற்றையும் வெட்டுவது கடைசியில் வாசிப்பையே வெட்டுவதாகிவிடும். எழுத்துக் கூட்டும் பருவத்திலும் தினமும் ஆசிரியர் உரக்கக் கதை வாசித்துக் காட்டவேண்டும், அதைப் பற்றிப் பேசவும் வேண்டும்.

திருத்துவதிலும் ஒரு நிதானம் வேண்டும். குழந்தை ஒரு சொல்லில் தயங்கியதும் பக்கத்திலிருப்பவர் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். நாலைந்து விநாடி பொறுத்திருந்தால் பல நேரம் குழந்தையே சரிசெய்துகொள்ளும். ‘வாழைப்பழம்’ என்று எழுதியிருப்பதை ‘வாழப்பழம்’ என்று வாசித்தால் அது வாசிப்புப் பிழையும் இல்லை. வீட்டுப் பேச்சு உள்ளே வருகிறது. அதற்கெல்லாம் நிறுத்தினால் வாக்கியத்தின் பொருள் கைநழுவிப் போகும்.

வயதையும் வகுப்பையும் வைத்து மட்டும் பாடம் நடத்துவது அடுத்த தவறு. ஐந்தாம் வகுப்பில் இருந்தும் சொற்களை வாசிக்க முடியாத பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பாடம் வெறும் சத்தம். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் வளர்த்தெடுத்த முறை எளிமையானது. எழுத்து, சொல், பத்தி, கதை இவற்றில் எதுவரை வாசிக்க முடிகிறது என்று தனித்தனியாகச் சோதித்து, வகுப்பைக் கலைத்து அந்த நிலைப்படி குழு பிரித்துத் தினமும் கொஞ்ச நேரம் கற்பிப்பது. ஆனால் அந்தக் குழுக்களையும் வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்தால் ‘தேறாத கூட்டம்’ என்ற பெயர்தான் மிஞ்சும். சில வாரங்களுக்கு ஒரு முறை மறுபடி சோதித்து இடம் மாற்றுங்கள். நல்ல பயிற்சி கொடுத்தும் ஒரு பிள்ளை தொடர்ந்து தடுமாறினால் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாமல் உரிய நிபுணரிடம் அனுப்பவேண்டும்.

பெரியவர்களுக்கான வகுப்பில் தவறுகளின் முகம் மாறிவிடுகிறது. முதல் தவறு கண்ணைக் கவனிக்காமல் விடுவது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது சாதாரணம். கண்ணாடி இல்லாமல், மங்கிய வெளிச்சத்தில், சிறிய எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைக் கொடுத்துவிட்டு “இவருக்கு ஏறமாட்டேன் என்கிறது” என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? முதல் பாடத்துக்கு முன்பே பார்வையைச் சோதித்துவிடுங்கள்.

இரண்டாவது, குழந்தைப் பாடப்புத்தகத்தை அப்படியே கொடுப்பது. குடும்பத்தை நடத்தி, கணக்கு வழக்கு பார்த்து, நாலு பேருக்கு யோசனை சொல்பவரை அணில், ஆடு என்று சொல்லவைத்தால் இரண்டாம் வாரம் வரமாட்டார். பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு நடத்திய வகுப்புகள் ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தர முயன்றன. கற்பவர்களின் அன்றாட வாழ்வில் புழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றைப் பற்றிப் பேசவிட்டு, பிறகு அசை பிரித்துக் கற்பித்தார்கள். மருந்துச் சீட்டு, சம்பளப் பட்டியல், பிள்ளையின் பள்ளி அறிவிப்பு, செல்பேசிக் குறுஞ்செய்தி என்று கற்பவருக்கு எது தேவையோ அதிலிருந்து தொடங்கலாம். என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுவிட்டால் போதும்.

மூன்றாவது, கையெழுத்துப் போடத் தெரிந்தால் எழுத்தறிவு வந்துவிட்டது என்று பட்டியலில் ஏற்றுவது. பெயரை ஒரு படம் மாதிரி வரையக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். அந்தக் கையெழுத்து எந்தத் தாளின் கீழே விழுகிறது என்று வாசிக்கத் தெரியாவிட்டால், கைநாட்டைவிட அது பாதுகாப்பானது இல்லை.

வகுப்பு முடிந்த பிறகு வாசிக்க எதுவுமே இல்லாமல் விட்டுவிடுவது கடைசித் தவறு. புதிதாக எழுத்தறிந்தவர் புழங்காவிட்டால் கற்றதை மறந்துவிடுவார். அதனால் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே, பெரிய எழுத்தில் குட்டி வாக்கியங்களில் அச்சிட்ட வாசிப்பு நூல்களுக்கும், வாரம் ஒரு முறை கூடி வாசிக்க ஓர் இடத்துக்கும், அதைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆளுக்கும் பங்கு வைத்துவிடவேண்டும். நிறைவு விழாவுக்கு மிஞ்சியதில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த மிச்சம் வரப்போவதே இல்லை.