ஹார்மோன் டெஸ்டுக்குக் கை நீட்டும் முன்

போன வாரம் ஏற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி ஒரு பெண் எங்கள் லேபுக்கு வந்தாள். 20 கொண்டை ஊசி வளைவும் அவள் முகத்தில் தெரிந்தது. டாக்டர் சீட்டில் டெஸ்டோஸ்டிரோன், எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டின், தைராய்டு, சர்க்கரை. கையில் ரப்பரைக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டே கேட்டேன்.

"கண்ணு, ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறயா?"

"ஒண்ணும் இல்லீங்க்கா."

"பீரியட்ஸ் ஒழுங்கா வர்றதுக்கு?"

"அதுங்களா... அது தினமும் போடறேனுங்க."

ரப்பரை அவிழ்த்துவிட்டேன்.

சேலத்தில் 11 வருடமாக ரத்தம் எடுப்பது என் வேலை. நீர்க்கட்டி என்று ஊரில் சொல்லும் பிசிஓஎஸ் எனக்கு அதற்கும் முன்பிருந்தே உண்டு. நட, இனிப்பைக் குறை என்று சொல்ல ஊரே இருக்கிறது, அதை விட்டுவிட்டு, நாம் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

மாத்திரை உடம்பில் இருக்கும்போதே ஹார்மோன் டெஸ்ட்

பீரியட்ஸை ஒழுங்குபடுத்த எழுதித் தரும் 21 நாள் அட்டை, உண்மையில் கருத்தடை மாத்திரைதான். அது சினைப்பையைத் தூண்டும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் அடக்கும். கல்லீரல் எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரந்து, மிச்சமிருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரிப்போர்ட் பளிச்சென்று வரும். அது மாத்திரையின் ரிப்போர்ட், உங்களுடையது அல்ல.

எனக்கு அப்போது 22 வயது. தாடையில் முடி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பீரியட்ஸ். ஒரு டாக்டர் அந்த அட்டையைத் தந்தார். நாலு மாதம் கழித்து, இன்னும் நல்ல வைத்தியம் வேண்டுமென்று வேறொருவரிடம் போனோம். என்னென்ன மாத்திரை என்று அவர் கேட்டபோது அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். கல்யாணமாகாத பெண் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால்? நானும் வாயைத் திறக்கவில்லை. 4,000 ரூபாய்க்கு டெஸ்ட். எல்லாம் நார்மல். வீட்டில் பாயசம் வைத்தார்கள். மாத்திரையை நிறுத்தினேன்.

அப்புறம் ஐந்து மாதம் பீரியட்ஸே இல்லை. ரிப்போர்ட்தான் நார்மலாயிற்றே என்று சும்மா இருந்தோம். ஆறாவது மாதம் ஆரம்பித்த ரத்தப்போக்கு 23 நாள் நிற்கவில்லை. ஹீமோகுளோபின் 7. கர்ப்பப்பை உள்சுவர் தடித்துவிட்டது என்று அதைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி செய்தார்கள். அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. இன்றும் யாராவது "மாத்திரையா, ஒண்ணும் இல்லீங்க" என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருவது இதனால்தான்.

மாத்திரையை நிறுத்திக் குறைந்தது 3 மாதம் கழித்தே ஆண் ஹார்மோன் அளவை நம்பலாம் என்கிறது 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டி நெறிமுறை. அதற்காக இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். அதிக ரத்தப்போக்குக்கோ கருத்தடைக்கோ அது தேவைப்படலாம், டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நோய் ஏற்கெனவே உறுதியாகியிருந்தால் மறுபடி இந்த டெஸ்டே தேவைப்படாமலும் போகலாம்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்காக பீரியட்ஸைத் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கிய மாத்திரையும் ஹார்மோன்தான். முடி கொட்டுகிறதென்று சாப்பிடும் பயோட்டின் வைட்டமின் இன்னொரு வில்லங்கம். பல லேப் மெஷின்களில் அது தைராய்டு, ஹார்மோன் அளவுகளைத் தப்பாகக் காட்டவைக்கும். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதிக அளவு என்றால் இன்னும் முன்பே. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினுக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து கை நீட்டக் கூடாது. பதட்டமே அதை ஏற்றிவிடும், அரைமணி நேரம் உட்காருங்கள்.

நீர்க்கட்டியைக் கரைக்கக் கிளம்புவது

இந்தத் தமிழ்ச் சொல்லே பாதி பயத்துக்குக் காரணம். அது கட்டி அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். கரைக்க எதுவும் இல்லை. ஒழுங்கற்ற பீரியட்ஸ், கூடுதல் ஆண் ஹார்மோன் அல்லது அதன் அடையாளங்கள், ஸ்கேனில் தெரியும் பைகள் என்ற மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு போன்ற மற்ற காரணங்களும் இல்லையென்றால்தான் பிசிஓஎஸ். 2003 ராட்டர்டாம் அளவுகோல் அது. வயதுக்கு வந்து 8 வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு கட்டவே கூடாது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு அழும் அம்மாக்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

பீரியட்ஸ் வராமல் 90 நாள் தாண்டியும் காத்திருப்பது

வேண்டாம். மேலே படித்தீர்களே.

மெட்பார்மினை முதல் வாரமே தூக்கிப் போடுவது

பிசிஓஎஸ்ஸுக்கும் தரும் இந்தச் சர்க்கரை மாத்திரை வயிற்றைக் கலக்கும், உண்மைதான். சாப்பாட்டோடு, குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். நானும் ஒருமுறை குப்பையில் போட்டவள்தான். வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

டயட் என்று ஜவ்வரிசிக் கஞ்சி

சேலத்துக்காரி நானே சொல்கிறேன்: அது வெறும் மரவள்ளி மாவுச்சத்து.

"இந்த வியாதிக்குக் குழந்தையே வராது"

வரும். வேண்டாத நேரத்திலும் வரும்.

டாக்டரை மாற்றும்போது ஃபைலை வீட்டில் விடுவது

மாற்றுவது தப்பில்லை. ஆனால் மாத்திரை அட்டை உட்பட எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்கேன் படம் இரண்டு மூன்று வருடத்தில் மங்கிவிடும், போனில் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த ஏற்காட்டுப் பெண்ணின் டாக்டருக்குப் போன் போட்டேன். தைராய்டும் சர்க்கரையும் மட்டும் இன்று போதும் என்றார். அட்டையை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஹாஸ்டல் அலமாரியில், நோட்டுக்கு அடியில் என்றாள்.