கொழும்பா, கொலம்போவா: படிவம் நிரப்புகிறவர்களுக்கு

கொழும்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சரக்கு அனுப்பும் கந்தோர் ஒன்றில் பதினொரு வருசமாகப் படிவம் நிரப்புகிறேன். போன மாசியில் மிலானுக்கு ஆறு பெட்டி தேயிலை போனது, பெறுநர் பெயரே இல்லாமல். பிழை என்னுடையதுதான். பெயர்க் கட்டத்தில் முழுவதும் பெரிய எழுத்தில் ‘கொலம்போ’ என்று தொடங்கியிருந்தது. ஏற்றும் துறைமுகமான கொழும்பின் ஆங்கிலப் பெயர் இடம்மாறி விழுந்துவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டேன். நான் அழித்தது அந்த மனிதரின் குடும்பப் பெயரை.

இத்தாலிய அலுவலகத் தாள்களில் குடும்பப் பெயர் முன்னாலும் சொந்தப் பெயர் பின்னாலும் வருவது சகஜம். ஆகவே பெயர்க் கட்டத்தில் ஊர்ப்பெயர் மாதிரி ஏதாவது கண்டால் கை வைக்காதீர்கள், அனுப்புகிறவரிடம் கேளுங்கள்.

கொலம்போ என்றால் இத்தாலியனில் ஆண் புறா. லத்தீன் ‘கொலும்பா’ வழியாக வந்த சொல். மிலான் பக்கம் இந்தப் பெயர் நம்மூர்ப் பெரேரா போல, தடுக்கி விழுந்தால் ஒரு கொலம்போ. அதற்குக் காரணமும் உண்டு. அந்த நகரின் பழைய பெரிய மருத்துவமனைக்குப் புறாதான் சின்னம். அங்கே விட்டுச்செல்லப்பட்ட குழந்தைகளுக்கு 1825 வரை கொலம்போ என்றே பெயர் வைத்தார்கள். பெற்றவர் பெயர் தெரியாத பிள்ளைக்குப் புறாவின் பெயர்! நான் அழித்தது இப்படியொரு பெயரை என்று பிறகு தெரிந்தபோது கூச்சமாக இருந்தது.

பெண்ணுக்கும் அதே பெயர்தான். இலக்கணம் பார்த்துக் ‘கொலம்பா’ ஆக்க வேண்டாம். இத்தாலியில் பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பார்கள், ஆகவே கணவரின் பெயரை நீங்களாக ஒட்டவும் வேண்டாம்.

நம் நகரத்துக்கும் புறாவுக்கும் சம்பந்தமில்லை. கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் எழுதியபடி, காய்க்காமல் இலை மட்டும் தழைத்த ஒரு மாமரத்தால் வந்த பெயர் இது: சிங்களத்தில் ‘கொல’ இலை, ‘அம்ப’ மா. கேட்க அழகான கதை, நான் அவ்வளவாக நம்புவதில்லை. கொலம்பஸ் பெயரால் வந்தது என்றும் சொல்ல முடியாது: மொரோக்கோப் பயணி இபன் பதூதா 14ஆம் நூற்றாண்டிலேயே ‘கலன்பு’ என்று எழுதிவிட்டார். கொலம்பஸ் பிறந்தது அதற்கு ஏறக்குறைய நூறு வருசம் கழித்து. வெள்ளைக்காரன் காதுக்குப் பழகிய எழுத்துக்கூட்டல்தான் கடைசியில் நிலைத்தது.

இனி ஆங்கில எழுத்து. இங்கேதான் பெட்டி தொலையும். லத்தீன் வடிவத்திலிருந்து வந்ததென்றால் ‘எல்’லுக்கு அடுத்து ‘யூ’: கொலம்பஸ், பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன் இருக்கும் கொலம்பியா மாவட்டம். இத்தாலியன், ஸ்பானிய வடிவமென்றால் ‘ஓ’: மிலான்காரரின் குடும்பப் பெயர், தென்னமெரிக்க நாடான கொலம்பியா. நம் நகரத்துக்கும் மூன்று இடத்திலும் ‘ஓ’தான். ஆங்கிலேயர் வாயில் நடு அசை ‘லம்’ என்று வருவதால், காதால் கேட்டு எழுதுகிறவர்கள் ‘யூ’ போட்டுவிடுகிறார்கள். இத்தாலியர் ‘லொம்’ என்று அழுத்துவார்கள்.

தமிழில் எழுதும்போது வேறொரு வில்லங்கம். ‘கொலம்பியா’ என்று எழுதினால் அது நாடா, கனடா மாகாணமா, அமெரிக்க ஊரா என்று யாருக்கும் தெரியாது. நாட்டின் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.

கணினியில் நாட்டைத் தேடும்போது அவசரத்தில் ‘சீ, ஓ, எல்’ என்று தட்டினால் கொலம்பியா வந்து நிற்கும். ஸ்ரீலங்கா ‘எஸ்’ஸில் இருக்கிறது, குறியீடு எல்.கே. விமானப் பொதியென்றால் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கட்டுநாயக்கா சீ.எம்.பீ., ஒஹாயோவிலுள்ள கொலம்பஸ் சீ.எம்.எச். ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அஞ்சல் குறியீடு காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், அமெரிக்காவிலும் ஐந்து இலக்கம், இங்கும் ஐந்து. புறக்கோட்டைக்கு 01100.

நான் இப்போது ஏற்றுமிடத்தில் வெறும் ஊர்ப்பெயரை எழுதுவதில்லை: ‘கொழும்புத் துறைமுகம், இலங்கை’. பெறுநர் கட்டத்தில்: ‘திரு. கொலம்போ’, பிறகு சொந்தப் பெயர், பிறகு மிலான், இத்தாலி. ‘திரு.’ இருந்தால் எவரும் அதைத் துறைமுகம் என்று நினைத்து அழிக்கமாட்டார்கள், நான் உட்பட.