நிறுத்தி வைத்த கேம்பர் டிரெய்லரைக் கரண்ட்டில் விடுவதற்கு முன்

அமெரிக்கா, கனடாவில் குளிர் வந்ததும் கேம்பர் டிரெய்லரை (கார் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) வீட்டோரம் நிறுத்தி, வசந்தம் வரை பிளக்கில் செருகியே விட்டுவிடுவார்கள் பலர். விடலாம். உள்ளே இருக்கும் கன்வெர்ட்டர் எந்த ரகம் என்று தெரிந்தால்.

வீட்டுக் கரண்ட்டின் 120 வோல்ட்டை இறக்கி 12 வோல்ட் பேட்டரிக்கு ஏற்றுவது இதுதான். செருகி மூன்று நாள் கழித்து பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.2 வோல்ட்டை ஒட்டி இருந்தால், பேட்டரி நிறைந்ததும் தானே தணிந்துகொள்ளும் ரகம். 13.6, 13.8 என்றே நின்றால் பெரும்பாலும் பழைய ரகம். நிறைந்த பேட்டரிக்கும் ஏற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே தண்ணீர் வாயுவாகிக் குறையும். மாதம் ஒருமுறை பேட்டரியின் மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள் (பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம்). உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை. காற்றுப்பட்டுக் காய்ந்த தகடு மீளாது. மீட்டர் 12.6-ஐத் தாண்டவே இல்லையா? சார்ஜே ஏறவில்லை, பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் ஃபியூஸையும் பாருங்கள்.

செருகும் முன் வாட்டர் ஹீட்டர் பிரேக்கரை இறக்கிவிடுங்கள். குளிருக்காகத் தண்ணீர் வடித்த டேங்கில் எலிமென்ட் (சூடேற்றும் கம்பி) ஓடினால் ஓரிரு நிமிடத்தில் கருகிவிடும். ஏ.சி., ஃபிரிட்ஜும் வேண்டாம். ஃபிரிட்ஜ் கதவு சற்றுத் திறந்தே இருக்கட்டும்.

30 ஆம்ப் பிளக்கை வீட்டு 15 ஆம்ப் சாக்கெட்டில் செருக அடாப்டர் போதும். எக்ஸ்டென்ஷன் ஒயர் 12 கேஜ் தடிமன், வெளியில் போடும் ரகம். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பிடிப்பு சரியில்லை, மாற்றுங்கள்.

வெளிச் சாக்கெட்டின் ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு கண்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு) ஈரத்தில் டிரிப் ஆவது சகஜம்; அதோடு சார்ஜும் நின்றுவிடும். கவனிக்காமல் விட்டால் பேட்டரியில் ஓடும் கேஸ் டிடெக்டர் (கேஸ் கசிந்தால் எச்சரிக்கும் கருவி) ஒன்றே சில வாரத்தில் பேட்டரியைக் காலி செய்துவிடும். நிறைந்த பேட்டரி மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. காலியானது மைனஸ் 7-லேயே உறைந்து வெடிப்பு விடலாம். வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். முடியாதென்றால் நன்றாகச் சார்ஜ் செய்து, மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, பேட்டரியை கராஜில் வைத்து மாதமொரு முறை ஏற்றுவதே மேல்.

இதுவரை சொன்னது ஈயத் தகடு பேட்டரிக்கு. லித்தியம் பேட்டரி என்றால் செருகியே வைக்காதீர்கள்: பாதிச் சார்ஜில் கழற்றி வையுங்கள், 0 டிகிரிக்குக் கீழே ஏற்றவே கூடாது.