1956-இல் ஒரு மளிகைக் கடை: குறும்படத்துக்கு செட் போட்ட கதை

கதை 'அந்தக் காலத்தில்' நடக்கிறது என்று இயக்குநர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டு வாங்குங்கள். போன வருஷம் நான் மளிகைக் கடை செட் போட்ட குறும்படத்தில் கதை நடப்பது 1956 ஐப்பசியில். அது தெரிந்ததுமே பாதி வேலை முடிவாகிவிட்டது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். அதனால் விலையெல்லாம் அணாவில், ரூபாய்க்கு 16 அணா. நிறுவைக்குக் கிலோ கிடையாது; வீசை, பலம். பிளாஸ்டிக் ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது. தகர டின், கண்ணாடி ஜாடி, சாக்கு மூட்டை, சணல் கயிறு போதும்.

அடுத்து, கேமரா எங்கே நிற்கும் என்று ஒளிப்பதிவாளரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எங்களுக்கு 12 அடியில் ஒரு சுவர், 10 அடியில் ஒரு சுவர், முன்னால் கல்லாப்பெட்டி. அவ்வளவுதான் தேவைப்பட்டது. கேமரா திரும்பாத பக்கம் சுவர் கட்டுவது வீண் செலவு.

சுவருக்கு 8-க்கு 4 அடி பிளைவுட், பின்னால் ரீப்பர் (மெல்லிய மரக்கட்டை) சட்டம். கதவு மட்டும் நிஜமாக இருக்கட்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுக் கதவுகள் கிடைக்கும். ஆனால் கதவு நிலையைப் பிளைவுட்டில் அடித்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் அடித்தேன். நடிகர் கதவைச் சாத்தியதும் சுவரே ஆடியது, மாட்டியிருந்த காலண்டர் துள்ளியது. அப்புறம் நிலைக்குத் தனியாகக் கட்டை கொடுத்துத் தரையோடு இறுக்கி, சுவரைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டோம். அந்த இடைவெளியை மறைக்க மேலே ஒரு மெல்லிய பட்டி.

பழமையைப் பூசும்போது அவசரம் வேண்டாம். முதலில் பச்சை டிஸ்டெம்பர். காய்ந்ததும் அதன்மேல் நீலம் கலந்த சுண்ணாம்பு, இரண்டு கை. பிறகு மனிதர் கை படும் இடங்களில் மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள்: கதவோரம், கல்லாவுக்குப் பின்னால், கடைக்காரர் தலை சாயும் இடம். அந்தத் தலை சாயும் இடத்தில் துணியில் தொட்டு நல்லெண்ணெய் தடவினேன். அங்கே உட்கார்ந்த நடிகர் கேட்காமலே தலையைச் சரியாக அதே இடத்தில் சாய்த்துக்கொண்டார். சுவர் முழுக்க அழுக்கைத் தெளித்தால் கடை பழையதாகத் தெரியாது, பாழடைந்ததாகத் தெரியும்.

காலண்டருக்கு ஒரு வழி சொல்கிறேன். 1956-இல் எந்தத் தேதிக்கு என்ன கிழமையோ, 2012-லும் அதே கிழமை. அதை வைத்து மாதத்தாள் அச்சடித்தோம். தமிழ் வருஷம் மட்டும் துன்முகி என்று மாற்றினோம்.

நான் பெரிதாகத் தவறியது எழுத்தில். விலைப்பலகை எழுதி மாட்டியாயிற்று. படப்பிடிப்புக்கு முந்தின நாள் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இந்த 'அணா' அந்தக் காலத்து அணா இல்லையே" என்றார். அவர் சொன்னது சரி. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை 'ணா'வுக்குத் தனிக் கால் கிடையாது. எழுத்தின் வாலே கீழே சுழிந்து முடியும். 'விலை'யில் வரும் 'லை'க்கு முன்னால் இப்போதுள்ள இரட்டைச் சுழி இருக்காது. எழுத்தின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி வளைவு ஏறி நிற்கும். இன்றைய கணினி எழுத்துருக்கள் அநேகமாக எல்லாமே புது வடிவத்தைத்தான் காட்டும். அதனால் கையால் எழுதப் பழகிய பெயின்டர் வேண்டும். பழைய பத்திரத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, பார்த்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் பெயின்டர் இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து பலகையைத் திரும்ப எழுதினார்.

பொட்டலம் மடிக்கும் காகிதத்துக்கும் இதே விதிதான். இன்றைய செய்தித்தாளில் பருப்பு மடித்துக் கொடுத்தால், நெருக்கக் காட்சியில் அதிலுள்ள எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். அச்சில்லாத பழுப்புத் தாள் வாங்கித் தேயிலைத் தண்ணீரில் நனைத்து, நிழலில் காயவையுங்கள்.

அரிக்கேன் விளக்கை உண்மையாக ஏற்றப் போகிறீர்கள் என்றால், பிளைவுட்டுக்கும் அதற்கும் நடுவில் குறைந்தது மூன்றடி விட்டு வையுங்கள். கேமராவுக்குப் பின்னால் இரண்டு வாளி மணலும் இருக்கட்டும்.